லிங்க் கொடுக்க அனுமதி கேட்டு நான்கு மாதம் தொலைத்தேன்

வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றே காலுக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. இந்த மாதிரிக் கடிதங்களுக்கு வெள்ளி இரவுதான் நல்ல நேரம் போலிருக்கிறது. திங்கள் காலை வரை யாரையும் கேட்க முடியாது, தூங்கவும் முடியாது. "எங்கள் தளத்தின் உட்பக்கங்களுக்கு முன் அனுமதியின்றி இணைப்புகள் கொடுத்திருக்கிறீர்கள். இது எங்கள் பயன்பாட்டு விதிகளுக்கு எதிரானது. 7 நாட்களுக்குள் அனைத்தையும் நீக்கிவிட்டு, இழப்பீடு குறித்து எங்களைத் தொடர்புகொள்ளவும்." கீழே நிறுவனத்தின் சட்டப் பிரிவு என்று போட்டு ஒரு கையெழுத்து. கூடவே ஒரு பிடிஎஃப். அந்த பிடிஎஃப்பை நான் அன்றைக்குத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பாதித் தொல்லை அன்றே தீர்ந்திருக்கும்.

என் தளம் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. பள்ளியில் கணக்கைக் கோட்டைவிட்டுவிட்டு, வேலைக்குப் போன பிறகு மறுபடி அடியிலிருந்து கற்க நினைக்கிறவர்களுக்காக நான் சேர்த்துவைத்த லிங்க்குகள். பின்னம் புரியவில்லையா, இந்தப் பக்கத்தைப் படியுங்கள். அதுவும் பிடிபடவில்லை என்றால் இந்த வீடியோ. அப்புறம் இந்தப் பயிற்சிகளைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு லிங்க்குக்குக் கீழேயும் அதில் எது தெளிவாக இருக்கிறது, எந்த இடத்தில் சறுக்கும் என்று இரண்டு மூன்று வரி. ஆறு வருடத்தில் 612 லிங்க்குகள், மொத்தம் 87 தளங்கள். விளம்பரம் கிடையாது, வருமானம் கிடையாது. கடிதம் எழுதிய நிறுவனத்தின் தளத்துக்கு மட்டும் 43 லிங்க்குகள் இருந்தன. அவர்களுடைய வரைபடங்கள் அவ்வளவு அழகு, அதனால்தான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது என்னைப் பார்த்துச் சொன்னது மாதிரி இருந்தது அந்த ராத்திரி. முதலில் அந்த 43 லிங்க்கையும் அழித்தேன். கையோடு, கொஞ்சம் பெரிய நிறுவனம் மாதிரித் தெரிந்த தளங்களுக்குப் போன இன்னும் 171 லிங்க்குகளையும் அழித்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு 214 லிங்க் காலி. அழிப்பதற்கு முன் பக்கத்தை ஒரு நகல் எடுத்துவைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பயத்தில் இருக்கும்போது எதையும் அழிக்காதீர்கள். அழித்தே தீர வேண்டும் என்றால் பக்கத்தை வெளியே தெரியாமல் மறைத்துவையுங்கள், போதும். எந்த நிறுவனமும் ராத்திரி மூன்று மணிக்கு வந்து பார்க்கப் போவதில்லை.

சனிக்கிழமை எனக்கு வந்த யோசனை அதைவிட மோசம். இனிமேல் எல்லாரிடமும் முறைப்படி அனுமதி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். மீதி 86 தளங்களுக்கும் தனித்தனியாக எழுதினேன். ஒரே கடிதத்தை எல்லாருக்கும் அனுப்பினால் குப்பை அஞ்சலில் விழுமே என்று, ஒவ்வொன்றிலும் எந்தெந்தப் பக்கம், எதற்காக லிங்க் என்று விளக்கி எழுதினேன். மாலை நேரங்களும் வாரக் கடைசிகளும் அதற்கே போயின.

நான்கு மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் நிலவரம் இது. 19 கடிதம் முகவரி இல்லை என்று திரும்பிவிட்டது. 45 தளங்களிடமிருந்து பதிலே இல்லை. பதில் வந்தது 22. அதில் 14 பேர் ஒரே மாதிரி கேட்டிருந்தார்கள், "இதற்கெல்லாம் எதற்கு அனுமதி?" என்று. ஒருவர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருந்தார்: "அனுமதி கேட்டுப் பழக்கிவிடாதீர்கள், நாளைக்கு எல்லாரும் அதை எதிர்பார்ப்பார்கள்." மூன்று தளங்கள் படிவம் அனுப்பின. இரண்டு தளங்கள், பதிலுக்கு எங்கள் தளத்தை முகப்பில் போடுங்கள் என்று பேரம் பேசின. ஒன்று முடியாது என்றது, காரணம் சொல்லவில்லை. ஒன்று வருடக் கட்டணம் கேட்டது. அந்தக் கட்டணத்தை நான் கட்டினேன். ஆறு லிங்க்குக்கு, என் ஆறு மாத ஹோஸ்டிங் செலவுக்குச் சமமான தொகை. அவர்களுடைய தளத்தில் லிங்க்குக்குக் கட்டணம் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்பதைப் பிறகுதான் பார்த்தேன். நான் கேட்டதால்தான் அந்தக் கட்டணமே பிறந்தது. கடைசி ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று நினைக்கிறேன். அவர் அனுமதியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. என் பக்கத்தில் தசமத்துக்கான மூன்றாவது லிங்க் செத்துப்போய்விட்டது என்றும், அதே பாடம் இப்போது எந்த முகவரியில் இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். 86 கடிதத்தில் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

பதில் வராத அந்த 45 தளங்களை என்ன செய்வது என்பதுதான் பெரிய குடைச்சல். கேட்காமல் லிங்க் கொடுத்திருந்தால் உலகத்தில் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன், அவ்வளவுதான். கேட்டுவிட்டுப் பதில் வராமலே லிங்க் கொடுத்தால்? நாளைக்கு ஏதாவது சண்டை வந்தால், "அனுமதி வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறதே" என்று என் கடிதத்தையே எனக்கு எதிராகக் காட்டலாம். தேவையில்லாத அனுமதியைக் கேட்பதில் இப்படி ஒரு பொறி இருக்கிறது. மரியாதைக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றால் "உங்கள் பாடத்துக்கு லிங்க் கொடுத்திருக்கிறேன், நன்றி" என்று எழுதுங்கள். "கொடுக்கலாமா" என்று எழுதாதீர்கள்.

இந்த நேரத்தில்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. வலையை வடிவமைத்த டிம் பெர்னர்ஸ்-லீ 1997-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தைச் சுட்டிக்காட்டுவது அதைப் பற்றிப் பேசுவது போலத்தான், அதற்கு அனுமதி தேவையில்லை என்பது அவருடைய வாதம். யோசித்துப் பார்த்தால் லிங்க் என்பது ஒரு முகவரி. நான் வழி சொல்கிறேன், போகிறவர் தன் உலாவி வழியாக நேராக அந்த வீட்டுக்கே போகிறார். என் தளத்தில் அந்த வீட்டுச் செங்கல் ஒன்றுகூட இல்லை. வேண்டாதவர்கள் உள்ளே வரக் கூடாது என்றால் வீட்டுக்காரருக்குப் பூட்டு இருக்கிறது: லாகின் வைக்கலாம், உட்பக்கத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களை முகப்புக்குத் திருப்பிவிடலாம். பூட்டாமல் வைத்துவிட்டு, வழி சொன்னவனிடம் சண்டைக்கு வருவது என்ன நியாயம்?

ஆனாலும் இந்தச் சண்டை வலையின் குழந்தைப் பருவத்திலிருந்தே நடந்திருக்கிறது. 1996-இல் ஸ்காட்லாந்தில் ஷெட்லாண்ட் டைம்ஸ் என்ற பத்திரிகை, ஷெட்லாண்ட் நியூஸ் என்ற இணையச் செய்தித் தளத்தின் மேல் வழக்குப் போட்டது. தங்கள் தலைப்புகளை அப்படியே எடுத்து, முகப்பைத் தாண்டி நேராக உட்பக்கத்துக்கு லிங்க் கொடுக்கிறார்கள் என்பது புகார். நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. 1997-இல் சமரசம் ஆனது: லிங்க் கொடுக்கலாம், ஆனால் இது ஷெட்லாண்ட் டைம்ஸ் செய்தி என்று அங்கேயே தெரிய வேண்டும். 2000-இல் அமெரிக்காவில், டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் போட்ட வழக்கில் நீதிபதி, லிங்க்கில் நகலெடுப்பு எதுவும் இல்லை, அது நூலக அட்டைப் பட்டியல் போன்றது என்றார். 2002-இல் டென்மார்க்கில் ஒரு நீதிமன்றம் எதிர்மாறாகப் போய், பத்திரிகைகளின் உட்பக்கங்களுக்கு லிங்க் கொடுத்த ஒரு செய்திச் சேவைக்குத் தடை போட்டது. 2003-இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், திறந்து கிடக்கும் பக்கத்துக்கு நேரடி லிங்க் கொடுப்பது பதிப்புரிமை மீறல் அல்ல என்று தீர்த்தது.

2014 பிப்ரவரியில் வந்த ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புதான் எனக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஸ்வீடன் பத்திரிகையாளர்கள் சிலர், தங்கள் கட்டுரைகளுக்கு லிங்க் கொடுத்த ரெட்ரீவர் என்ற நிறுவனத்தின் மேல் போட்ட ஸ்வென்சன் வழக்கு. எல்லாரும் இலவசமாகப் பார்க்கும்படி உரியவரே போட்டுவைத்த பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால், அது புதிய பார்வையாளர் கூட்டத்துக்குக் கொண்டுபோனதாக ஆகாது, அதனால் அனுமதி தேவையில்லை என்றது நீதிமன்றம். பணம் கட்டினால்தான் திறக்கும் பூட்டைத் தாண்டி உள்ளே அழைத்துப்போகும் லிங்க் என்றால் கதை வேறு. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் பத்திரிகைகளுக்குத் தனி உரிமை கொடுத்துச் சட்டம் போட்டபோதும், லிங்க் கொடுப்பதற்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதிவைத்தார்கள்.

கட்டணம் கட்டி ஏமாந்தது நான் மட்டுமல்ல என்று தேற்றிக்கொள்ளவும் ஒரு கதை கிடைத்தது. 2012-இல் அயர்லாந்துப் பத்திரிகைகளின் அமைப்பு ஒன்று, பெண்களுக்கான ஒரு தொண்டு நிறுவனத்திடம், பத்திரிகைக் கட்டுரைகளுக்கு லிங்க் கொடுத்ததற்குப் பணம் கேட்டிருக்கிறது. ஐந்து லிங்க் வரை 300 யூரோவாம். விஷயம் வெளியே வந்ததும் ஊரே சிரித்தது. அதற்குப் பத்து வருடம் முன்பு, அமெரிக்காவின் என்பிஆர் வானொலி, லிங்க் கொடுக்க விரும்புகிறவர்கள் படிவம் நிரப்ப வேண்டும் என்று வைத்திருந்த விதியும் இதே மாதிரி சிரிப்புக்கு ஆளாகித்தான் 2002-இல் மாறியது.

இத்தனையும் படித்த பிறகு எனக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. நிறுவனத்துக்குப் பதில் எழுதினேன், நல்ல சூடான பதில், மேலே சொன்ன வழக்குகளோடு. அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடலாம் என்று தோன்றியதே, அதுதான் அந்த நான்கு மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம். பதிப்புரிமை வழக்குகள் பார்ப்பவர். நாற்பது நிமிடப் பேச்சுக்கு வாங்கிய கட்டணம், நான் அந்த ஆறு லிங்க்குக்குக் கட்டியதைவிடக் குறைவு.

அவர் என் பதிலைப் படிக்கவில்லை. "வந்த லெட்டரைக் காட்டுங்க" என்றார். காட்டினேன். "இதுல ஒரு பிடிஎஃப் இருக்கே?" என்றார். நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். திறந்தோம். இரண்டு பக்க அட்டவணை. முதல் பக்கத்தில் அந்த 43 லிங்க்குகள். இரண்டாம் பக்கத்தில் 31 படங்கள். வட்டத்தைப் பிட்சா துண்டு மாதிரி வெட்டிக் காட்டும் பின்னப் படம், எண்கோட்டில் குதிக்கும் தவளை, எல்லாம் அவர்களுடைய வரைபடங்கள். அவர்கள் தளத்திலிருந்து மெதுவாக ஏறுகின்றன என்று மூன்று வருடம் முன்பு நான் இறக்கி என் சர்வரிலேயே வைத்தவை. லிங்க்குக்குப் பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தேன், பார்க்க அழகாக இருக்கும் என்று. அதோடு ஒரு பக்கத்தில் அவர்களுடைய பயிற்சித் தாளை ஐஃப்ரேம் வழியாக என் பக்கத்துக்குள்ளேயே தெரியும்படி வைத்திருந்தேன். ஐந்து இடத்தில் அவர்கள் எழுதிய அறிமுகப் பத்தி முழுசாக, மேற்கோள் குறிகூட இல்லாமல்.

வழக்கறிஞர் என் தளத்தைத் திறந்து பார்த்தார். கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம், "லிங்க்கை எடுத்துட்டீங்க. படத்தை ஏன் விட்டு வச்சிருக்கீங்க?" என்றார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. எதற்கு அனுமதி தேவையில்லையோ அதை ராத்திரியோடு ராத்திரியாக அழித்திருக்கிறேன். எதற்குத் தேவையோ அதை நான்கு மாதமாக அப்படியே வைத்திருக்கிறேன். இன்னும் மோசம், லிங்க் இருந்தவரைக்கும் படம் யாருடையது என்றாவது தெரிந்தது. இப்போது தவளை குதிக்கிறது, யாருடைய தவளை என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. நானே வரைந்த மாதிரி இருந்தது பக்கம். அந்தச் சூடான பதிலை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் படித்ததையும் சேர்த்து, எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். வெறும் லிங்க், அதாவது சொடுக்கினால் ஆள் அந்தத் தளத்துக்கே போய்விடும் லிங்க், பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. முகப்புக்கா உட்பக்கத்துக்கா என்பதும் பெரிய விஷயமில்லை. அடுத்தவர் படத்தை இறக்கி நம் சர்வரில் வைத்தால் அது நகல், அங்கே அனுமதி வேண்டும். படத்தை இறக்காமல் அவர்கள் சர்வரிலிருந்தே நம் பக்கத்தில் தெரியவைப்பதும், ஐஃப்ரேமில் அடுத்தவர் பக்கத்தையே உள்ளே காட்டுவதும் இரண்டுங்கெட்டான் நிலை. அமெரிக்காவில் 2007-இல், தேடலில் தங்கள் படங்களைக் காட்டுகிறது என்று பெர்ஃபெக்ட் 10 என்ற நிறுவனம் கூகுள் மேல் போட்ட வழக்கில், படம் எந்த சர்வரில் இருக்கிறது என்பதைப் பார்த்துக் கூகுளுக்குச் சாதகமாகச் சொன்னார்கள். எல்லா நீதிமன்றங்களும் அதை ஏற்கவில்லை. ஐரோப்பாவில் 2021-இல், உரியவர் ஃப்ரேம் செய்வதைத் தொழில்நுட்ப ரீதியாகத் தடுத்துவைத்திருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போக அனுமதி வேண்டும் என்றார்கள். நான் இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. லிங்க் கொடுத்துவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று என் வார்த்தையில் எழுதிவிடுகிறேன். உண்மையில் அதைத்தான் வருகிறவர்களும் படிக்கிறார்கள்.

வெறும் லிங்க்கிலும் மாட்டிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. திருட்டுத்தனமாகப் போட்ட பொருளுக்கு, தெரிந்தே லிங்க் கொடுப்பது. 2016-இல் ஜிஎஸ் மீடியா என்ற இணைய நிறுவனத்தின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: உரியவர் அனுமதி இல்லாமல் ஏற்றப்பட்டது என்று தெரிந்தும் லிங்க் கொடுத்தால் மீறல். அதிலும் லாபத்துக்காகக் கொடுக்கிறவருக்கு அது தெரிந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்வார்கள், தெரியாது என்று அவர்தான் காட்ட வேண்டும். என் பட்டியலிலும் இரண்டு இருந்தன, யாரோ முழுப் பாடப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து ஏற்றிய பக்கங்கள். யாரும் கேட்கும் முன் எடுத்துவிட்டேன்.

பயன்பாட்டு விதிகளில் "அனுமதியின்றி லிங்க் கொடுக்கக் கூடாது" என்று எழுதிவைத்திருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒன்றை எழுதிவைத்துவிட்டால், அதைப் படிக்காமல் கடந்துபோகிற எல்லாரையும் அது கட்டிப்போட்டுவிடாது. ஆனால் அந்தத் தளத்தில் கணக்குத் திறந்து, "ஒப்புக்கொள்கிறேன்" என்று நீங்கள் சொடுக்கியிருந்தால் அது ஒப்பந்தம் மாதிரி. எனக்கு அங்கே கணக்கு இல்லை. வழக்கறிஞர் அதைத்தான் இரண்டாவது கேள்வியாகக் கேட்டார். அடுத்தது சின்னம். பெயரை எழுத்தில் எழுதலாம், அவர்கள் லோகோவை எடுத்துப் போட்டால் அவர்களே நம்மை அங்கீகரித்த மாதிரித் தெரியும், வேண்டாம். இதெல்லாம் சட்டம். சட்டத்துக்கு வெளியே நானாக வைத்துக்கொண்ட ஒன்று: நாலு பேருக்குள் பகிரத் தந்த கோப்பின் லிங்க்கைப் பொதுவில் போடுவதற்கு முன் மட்டும் கேட்டுவிடுகிறேன். அது கதவு பூட்டாமல் இருந்தாலும் அழைப்பு இல்லாத வீடு.

பதில் கடைசியில் ஏழே வரியில் போனது. 31 படங்களையும் ஐந்து பத்திகளையும் ஐஃப்ரேமையும் நீக்கிவிட்டேன், வருந்துகிறேன். பொதுவில் திறந்திருக்கும் பக்கங்களுக்கான வெறும் லிங்க்குகளைத் தொடர்ந்து வைத்திருக்கப் போகிறேன். வேறு ஏதேனும் குறிப்பிட்ட ஆட்சேபம் இருந்தால் பக்க முகவரியோடு தெரிவியுங்கள். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை அதில். மூன்று வாரம் கழித்து "பெற்றுக்கொண்டோம்" என்று ஒரு வரி வந்தது. இழப்பீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

நின்றுபோன வேலைதான் பெரிய நஷ்டம். அந்த நான்கு மாதம் தளம் பொக்கைவாயாகக் கிடந்தது. விகிதம் பற்றிய பகுதியில் ஆறு படி இருந்த இடத்தில் முதல் படியும் ஆறாம் படியும் மட்டும். இடையில் படித்துக்கொண்டிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாது. ஒரு பெண் மட்டும், "அக்கா, மூன்றாவது பாடத்தைக் காணோமே, நான் பாதியில் இருந்தேன்" என்று எழுதியிருந்தார். அனுமதிக் கடிதங்களின் மும்முரத்தில் அதற்கு நான் பதில்கூடப் போடவில்லை.

அழித்த லிங்க்குகளை, வலைப்பக்கங்களின் பழைய நகல்களைச் சேர்த்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் தேடித் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறேன். நல்லவேளை, என் தளத்தின் பழைய நகல் அங்கே சில தேதிகளில் இருந்தது. 214-இல் 190 கிடைத்துவிட்டது. இரண்டு அந்த ஸ்கேன் பக்கங்கள், அவை வேண்டாம். பதினொன்று எந்தத் தளம் என்று நினைவிருக்கிறது, எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. மீதி பதினொன்று கடைசி நகலுக்கும் அந்த வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் சேர்த்தவை, என்னவென்றே ஞாபகம் இல்லை. அந்தப் பெண் கேட்ட மூன்றாவது பாடம் கிடைத்துவிட்டது. நேற்று அவருக்கு அனுப்பினேன், பாடத்தின் முகவரியை மட்டும்.